உப்புக் காற்றைத் தாங்கும்படி வண்டியில் ஏர் கம்ப்ரசர் பொருத்துவது எப்படி?

மணலில் வண்டி மாட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் டயரில் இருக்கும் காற்றுதான் காரணம். சாலைக்குரிய 32 பி.எஸ்.ஐ. காற்றோடு வாலிநோக்கம் பக்கத்துப் பனங்காட்டு மணலில் இறங்கினால், ஐம்பது அடி போவதற்குள் பின்சக்கரம் தனக்குத்தானே குழி பறித்துக்கொள்ளும். அதே டயரை 16க்கு இறக்கிவிட்டால் அது நீளவாக்கில் பரந்து படிந்து, மணலின் மேலாகவே உருண்டு போய்விடும். இறக்குவது எளிது. திரும்பத் தார்ச்சாலைக்கு ஏறும்போது காற்று ஏற்ற வேண்டுமே, அங்கேதான் சிக்கல். 16 பி.எஸ்.ஐ.யில் சாயல்குடி வரை வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். பஞ்சர் கடையோ பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். வண்டியிலேயே நிலையாகப் பொருத்திய கம்ப்ரசர் இதற்காகத்தான்.

இன்னொரு தேவையும் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு உண்டு: சீமைக் கருவேல முள். காய்ந்த முள் டயரின் ரப்பரைத் துளைத்து உள்ளே முறிந்து நிற்கும். காற்று மெல்ல மெல்ல இறங்கும். கம்ப்ரசர் கையில் இருந்தால் முள்ளை அவசரப்பட்டுப் பிடுங்காமல், காற்றை ஏற்றிக்கொண்டு நிழலான இடம் வரை வந்து, நிதானமாகத் துளையை அடைக்கலாம்.

முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்ப்ரசரோடு வரும் கையேடு பொருத்தும் முறையைச் சொல்லிவிடும். நம் கடற்கரையின் உப்பு அந்த வேலையை எங்கெங்கே கெடுக்கும் என்று அது சொல்லாது. இங்கே கம்ப்ரசர் பழுதாவது குறைவு. அதற்குப் போகும் வயரின் முனைகள்தான் பழுதாகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் மின் இணைப்புகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வாங்கும் முன்

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய பம்பு, ஊருக்குள் ஓடும் காருக்குப் போதும். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் வழக்கமாக 10 முதல் 20 ஆம்பியர்தான் தாங்கும். பெரிய கம்ப்ரசரை அதில் ஓட்ட முடியாது. நிலையாகப் பொருத்தும் கம்ப்ரசர்களில் ஒற்றை உருளை (சிலிண்டர்) உள்ளவை, அளவைப் பொறுத்து, 15 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும். இரட்டை உருளை என்றால் 50 ஆம்பியரைத் தாண்டும்.

எது போதும் என்பதற்கு ஒரு கணக்கு. மஹிந்திரா தார் போன்ற வண்டியின் 18 அங்குல டயருக்குள் ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளளவு இருக்கும். அதை 15 பி.எஸ்.ஐ.யிலிருந்து 32க்கு ஏற்ற, வெளிக்காற்றின் அளவில் 70 லிட்டர் தேவை. நான்கு டயருக்கு 280 லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் ஒற்றை உருளை கம்ப்ரசர், எதிரழுத்தம் ஏற ஏற 40, 45க்குக் குறைந்துவிடும். அப்படியும் ஒரு டயருக்கு இரண்டு நிமிடத்துக்குள், குழாயை மாற்றி மாட்டும் நேரத்தையும் சேர்த்து, பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஜிம்னி, ஜிப்ஸி போன்ற வண்டிகளின் டயர் இதைவிடச் சிறியது. ஒற்றை வண்டியாகப் போகிறவருக்கு ஒற்றை உருளையே போதும் என்பது என் முடிவு. நான்கைந்து வண்டிகள் சேர்ந்து போகிற கூட்டத்தில் ஒருவர் மட்டும் இரட்டை உருளை வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: ஓய்வின்றி எத்தனை சதவீத நேரம் ஓடலாம் என்பது. 25 சதவீதம் என்றால் பத்து நிமிடம் ஓடியபின் அரை மணி நேரம் ஆற வேண்டும். சித்திரை வெயிலில் அது இன்னும் நீளும். 50 சதவீதத்துக்குக் குறைந்ததை இந்த வெக்கையில் வாங்க வேண்டாம்.

காற்றுத் தொட்டி வேண்டுமா என்று புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். 5 லிட்டர் தொட்டியில் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடைபட்டிருப்பது 34 லிட்டர் காற்று. ஒரு டயரின் தேவையில் பாதிகூட இல்லை. டயருக்குக் காற்றடிக்க அது உதவாது. நம் கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால், அழுத்தும்போது அந்த ஈரம் தண்ணீராகித் தொட்டியின் அடியில் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். தொட்டியை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் நல்ல வயர் வாங்குங்கள்.

இடம்

மூன்று இடங்கள் வழக்கம்: என்ஜின் அறை, முன் இருக்கையின் அடி, பின்பக்கச் சாமான் அறையின் ஓரம். என்ஜின் அறையில் பேட்டரி பக்கத்தில் இருப்பதால் வயர் குறையும். ஆனால் வெப்பம் அதிகம்; தேங்கிய உவர்நீரைக் கடக்கும்போது அடியிலிருந்து தெறிப்பதும் அங்கேதான். 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி வழியே அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வந்தது 2017-ல்தான். அதுவரை மணலிலும் கடல்நீரிலும் ஆட்களை ஏற்றிப் போன வேன்களின் அடிப்பாகத்தை ஒருமுறை குனிந்து பார்த்தவர்களுக்கு, உப்புநீர் இரும்பை எப்படித் தின்னும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் தேர்வு, ஓட்டுநருக்கு இடப்பக்கத்து இருக்கையின் அடி. அங்கே தண்ணீர் தெறிக்காது, சூடும் குறைவு. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, ஓடுபாதையில் கம்ப்ரசரோ வயரோ இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். சுற்றிலும் மூன்று விரல் அகலம் இடைவெளி விடுங்கள். அதன் உடம்பு காற்றுப்பட்டுத்தான் ஆறும். துளை போடும் முன் தரைத்தகட்டின் அடியில் எரிபொருள் குழாயோ பிரேக் குழாயோ வயர்க்கட்டோ போகிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். துளை போட்டபின் விளிம்பில் துருத்தடுப்பு பெயின்ட் பூசிக் காயவிட்டு, அதன் பிறகே போல்ட்டை இறக்க வேண்டும். பெயின்ட் பூசாத துளை ஒரே மழைக்காலத்தில் காவியாகிவிடும். போல்ட்டும் நட்டும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். விசைப்படகுகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் வைத்து இறுக்குங்கள்.

கம்ப்ரசர் மூச்சிழுக்கும் வடிகட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் பறக்கும் மாவுபோன்ற மணலை அது இழுத்தால் உருளைச் சுவரில் கீறல் விழும். ஒரு குழாய் வைத்து வடிகட்டியை டேஷ்போர்டின் அடிக்கோ இருக்கையின் மேல்முதுகுக்கோ ஏற்றிவிட முடியுமானால் ஏற்றுங்கள்.

வயரும் அதன் முனைகளும்

முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் அதை மாட்ட வேண்டும்.

வயரின் தடிமனில் சிக்கனம் கூடாது. 30 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரசர், பேட்டரியிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். போக 3, வர 3, ஆக 6 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே 1.2 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். அந்த வயரும் சூடேறும். 6 சதுர மில்லிமீட்டரில் இழப்பு அரை வோல்ட். 10-ல் 0.3 வோல்ட். ஒற்றை உருளைக்கு 6-க்குக் குறையாமல், இரட்டைக்கு 16 போடுங்கள். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் ஆகாது, அதிர்வில் முறியும். பல இழை கொண்ட வாகன வயர்தான் வேண்டும்.

இங்கே ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். என் முதல் கம்ப்ரசரை வெளியூரில் ஒரு கடையில் பொருத்திக்கொண்டேன். பார்க்கச் சுத்தமான வேலை. எட்டாவது மாதம் மூக்கையூர் பக்கம் மணலிலிருந்து ஏறி, இரண்டு டயருக்குக் காற்றடித்து முடித்து, மூன்றாவதில் 22 காட்டும்போது மோட்டார் முனகத் தொடங்கியது. பிறகு நின்றே விட்டது. ஃபியூஸ் நன்றாக இருந்தது, ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) டிக் என்றது. கம்ப்ரசர் எரிந்துவிட்டது என்றே நினைத்து, மீதி இரண்டு டயரும் பாதிக் காற்றில் இருக்க, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்தேன்.

மண்டபத்தில் படகுகளுக்கு வயர் இழுக்கிற ஓர் அண்ணன் அதைப் பார்த்தார். கம்ப்ரசரை அவர் தொடவே இல்லை. எர்த் வயர் பாடியோடு சேரும் போல்ட்டைக் கழற்றினார். வளையத்தின் அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது, சுரண்டாமலே இறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் புரி வழியாக மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. புரி முழுவதும் பச்சைக் களிம்பு. வளையத்தை ஒட்டி வயரை வெட்டிக் காட்டினார். பளபளக்க வேண்டிய செம்பு கறுத்திருந்தது. இன்னும் நான்கு விரல் தள்ளி வெட்டினார், அங்கேயும் கறுப்பு. “முனை திறந்திருந்தால் உப்பு உள்ளே ஏறும் தம்பி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. படகில் இதைத்தான் முதலில் பார்ப்போம்” என்றார். ஒரு முழம் வெட்டி எறிந்த பிறகுதான் செந்நிறச் செம்பு தெரிந்தது. புது முனை போட்டதும் அதே கம்ப்ரசர் ஓடியது, இன்றும் ஓடுகிறது.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட முறை இது. வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது களிம்பேறாமல் இருக்கத்தானே, அதே காரணம்தான். வயரின் உறையைச் சீவும்போது லக்கின் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையத்தின்) குழல் நீளத்துக்கு மட்டும் சீவுங்கள். இழை ஒன்றும் அறுபடக் கூடாது. இழைகளை லேசாக முறுக்கி, குழலின் அடிவரை நுழைத்து, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். சாதாரணக் கொறடால் நசுக்கினால் பார்வைக்குப் பிடித்ததுபோல் இருக்கும், உள்ளே வெற்றிடம் இருக்கும். அழுத்தியபின் ஒரு கையில் லக்கையும் மறு கையில் வயரையும் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். பிறகு, உட்புறம் பசை பூசிய சுருங்கு ஸ்லீவை, லக்கின் குழலையும் வயரின் உறையையும் சேர்த்து மூடும்படி ஏற்றிச் சூடு காட்டுங்கள். இரு விளிம்பிலும் பசை ஒரு மணிபோல் பிதுங்கி வர வேண்டும். அது பிதுங்கினால்தான் உள்ளே ஈரம் புகாது. இன்சுலேஷன் டேப் இதற்கு மாற்று ஆகாது. நம் வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும்.

எர்த் போடும் இடத்தில் எமரி தாளால் காசளவு வட்டத்துக்குப் பெயின்ட்டைத் தேய்த்து, வெள்ளையாக உலோகம் தெரியச் செய்யுங்கள். லக்கை வைத்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸோ வாசலினோ தடவி மூடுங்கள். முதலில் இறுக்கு, பிறகு பூச்சு. புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் எதிர்முனையில் ஒரு சிறிய சென்சார் மாட்டியிருக்கும். அப்படியிருந்தால் எர்த்தை அந்த முனையில் சேர்க்காமல், கம்பெனியே கொடுத்திருக்கும் பாடி எர்த் போல்ட்டில் சேருங்கள். வாரண்டி உள்ள வண்டியில் கம்பெனி வயர் எதையும் வெட்டி ஒட்டு போடவே வேண்டாம்.

ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால், ஃபியூஸுக்கு முன்னால் உள்ள பகுதிக்குக் காவலே கிடையாது. அதனால்தான் அந்தத் தூரம் குறைவாக இருக்க வேண்டும். 30 ஆம்பியர் கம்ப்ரசருக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 40 ஆம்பியர் ஃபியூஸ் சரி. கையேட்டில் வேறு அளவு இருந்தால் கையேட்டைப் பின்பற்றுங்கள். தண்ணீர் புகாத மூடியுள்ள ஃபியூஸ் பெட்டியாக வாங்குங்கள்.

ரிலேவில் நான்கு கால்கள் இருக்கும், எண்களும் அதிலேயே பொறித்திருக்கும். 30-ல் ஃபியூஸிலிருந்து வரும் தடித்த வயர். 87-லிருந்து கம்ப்ரசரின் நேர்முனைக்குத் தடித்த வயர். 86-க்கு டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் மெல்லிய வயர். 85-லிருந்து அழுத்த ஸ்விட்ச் (குழாயில் அழுத்தம் ஏறியதும் கம்ப்ரசரை நிறுத்துவது) வழியாக எர்த்துக்கு மெல்லிய வயர். அழுத்த ஸ்விட்ச்சைத் தடித்த வயரின் நடுவே வைக்காதீர்கள்; 30 ஆம்பியரைத் திரும்பத் திரும்பத் துண்டித்து அதன் முனை தீய்ந்துவிடும். ரிலேவைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், மேலே விழும் ஈரம் உள்ளே இறங்காது.

என்ஜின் அறையிலிருந்து உள்ளே வர, ஏற்கெனவே வயர்க்கட்டு வரும் துளையின் ரப்பர் வளையத்தையே பயன்படுத்துங்கள். புதுத் துளை போட்டால் அதற்கும் ரப்பர் வளையம் கட்டாயம். வயர் முழுவதற்கும் நெளிவுள்ள பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு முழத்துக்கு ஒரு கட்டு போடுங்கள். சைலன்சர் பக்கமும் ஸ்டியரிங் தண்டின் பக்கமும் போகக் கூடாது.

காற்றுக் குழாய்

கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று கொதிக்கும் சூடு. முதல் ஒன்றிரண்டு அடிக்கு எஃகு இழை பின்னிய குழாய்தான் தாங்கும். அதன்பின் சாதாரண ஏர்லைன் குழாய் போதும். இணைப்புகளில் கவனம் வேண்டியது ஒன்று: கால் அங்குலப் புரியில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்றில் அங்குலத்துக்கு 19 புரி, மற்றதில் 18. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும். பிறகு இறுகி, கசியும். கம்ப்ரசரையே கடைக்கு எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவதுதான் வழி. டெஃப்லான் டேப்பைப் புரி ஏறும் திசையிலேயே மூன்று சுற்று சுற்றுங்கள். முனையின் முதல் புரியை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் கிழிந்த துணுக்கு வால்வுக்குள் போய் உட்காரும்.

டயர்க் குழாய் மாட்டும் குயிக் கப்ளரை முன் பம்பரில் வைப்பதைப் பலர் விரும்புகிறார்கள். பம்பரில் மணலும் உப்பும் நேராக அடிக்கும். கதவைத் திறந்தால் கைக்கு எட்டும்படி இருக்கையின் ஓரத்தில் வைத்து, ரப்பர் மூடி போடுங்கள். பித்தளைக் கப்ளரே நல்லது. டயர்க் குழாய் பின்சக்கரம் வரை எட்ட வேண்டும். 6 மீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

பேட்டரியை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் கை பிரேக் போட்டு, கம்ப்ரசரை இயக்குங்கள். குழாயின் முனை அடைபட்டிருப்பதால் அழுத்தம் ஏறி, தானாக நிற்க வேண்டும். நின்றபின் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. கால் மணி நேரம் அது மறுபடி ஓடாமல் அமைதியாக இருந்தால் குழாய் வேலை சரி.

அடுத்து மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி). டயரில் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே, மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறு ஊசியைக் கம்ப்ரசரின் எதிர் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் என்றால் போல்ட்டைக் கழற்றி மறுபடி தேயுங்கள். நேர்முனைப் பக்கமும் இதேபோல் அளந்தால் 0.3-ஐத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து ஒப்பிட்டால், களிம்பு ஏறத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே எண்ணில் தெரிந்துவிடும்.

மணலுக்குப் போகும் நாளில் 16 முதல் 18 வரை இறக்குங்கள். 12-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். எங்கே இறங்கலாம் என்பதை ஊராரிடமும் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இது 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவை ஒட்டிய கரை. தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடும் மணல். அலைவாய்க் கரையில் சக்கரமே பட வேண்டாம்; பனங்காட்டுப் பாதைகளே பழகுவதற்குப் போதும்.

திரும்பி வந்த அன்றே வண்டியின் அடியைக் கழுவுங்கள். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. குடிநீர்க் குழாய்த் தண்ணீர் இரண்டு குடம் எடுத்து வைத்து, கடைசி அலசலை அதில் செய்யுங்கள். கம்ப்ரசர் மீதும் ரிலே மீதும் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். வடிகட்டியின் பஞ்சைக் கழற்றித் தட்டி, சோப்பில் அலசி, முழுக்க உலர்ந்தபின் மாட்டுங்கள். பயணமே இல்லாத மாதத்திலும் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஓடி முடித்த கையோடு ஒவ்வொரு லக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வயரைவிட லக் சூடாக இருந்தால் அந்த முனையை அன்றே வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.